பெட் ஸ்கேன் ஊசி காட்டுவது புற்றையா, பசியையா?

கெடிலக்கரையாள் (கடலூர்)

இந்த இழைகளை இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள் நான். இப்போது எனக்கே ஒரு கேள்வி வந்திருக்கிறது. என் தாயாருக்கு வயது 67. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையும் மருந்துச் சிகிச்சையும் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் இருமல் விடாமல் தொந்தரவு செய்ததால், கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திப் படம் எடுக்கும் பெட் ஸ்கேனைச் செய்து பார்த்துவிடலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதற்காக நாங்கள் புதுச்சேரிக்கு இரண்டு முறை போக நேர்ந்தது.

முதல் முறை தவறு எங்களுடையது. ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் விடியற்காலையில் கடலூர் பேருந்து நிலையத்தில் நான் திரும்பிப் பார்ப்பதற்குள், "வெறும் டீதானே" என்று அம்மா அரைத் தம்ளரைச் சர்க்கரையோடு குடித்துவிட்டார். அங்கே போய் விரலில் குத்திப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 238. வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் முறை அம்மா பட்டினியாகத்தான் வந்தார், மருந்துதான் வரவில்லை. மழையில் வண்டி மாட்டிக்கொண்டது என்றார்கள். காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்த பதினொரு பேரும் பத்தரை மணிவரை காத்திருந்தோம். வந்த பிறகு ஒரே ஓட்டம். ஈயப் பெட்டியைத் திறந்து, கனமான உறை போட்ட ஊசியில் எடுத்துச் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குத்தான் முடிந்தது. மற்ற ஆறு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். நல்லவேளையாக அம்மா ஐவரில் ஒருவர். பிறகு அவரை ஓர் இருட்டறையில் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் அசையவும் பேசவும் கூடாது என்றார்கள். அம்மா உதட்டை அசைத்து "தேவநாதா, தேவநாதா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த இளைஞர் வந்து, "பாட்டி, மனசுக்குள்ளயே கும்பிடுங்க, தொண்டை வேலை செய்யக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் ஐயங்கள் இவை. புற்றுநோயைப் பார்க்கும் சோதனைக்கும் ஒரு தம்ளர் தேநீருக்கும் என்ன பகை? மற்ற மருந்துகளைப் போல இதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா? முணுமுணுத்தால் என்ன கெட்டுவிடும்? இவற்றைவிடப் பெரிய கவலை, அறிக்கையில் இருக்கிறது. நெஞ்சின் நடுப்பகுதியில் உள்ள நிணநீர்க் கணு ஒன்றில் "எஸ்.யு.வி. 6.2" என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வாரம் திசு எடுக்கப் போகிறார்கள். அதற்குள் இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

அம்மா, நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன். அறிக்கையைப் பற்றி உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊசியில் இருந்த பொருளைப் பற்றி நான் சொல்ல முடியும். அதைப் புரிந்துகொண்டால் தேநீருக்கும் இருட்டறைக்கும் அந்த எண்ணுக்கும் சேர்த்தே விடை கிடைத்துவிடும்.

உங்கள் தாயாருக்குச் செலுத்தியது சர்க்கரை. குளுக்கோஸ் மூலக்கூறில் இரண்டாம் கார்பனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கதிரியக்கமுள்ள புளூரின்-18 அணுவை உட்காரவைத்திருப்பார்கள். இதற்கு எஃப்.டி.ஜி. என்று பெயர். ஏன் இரண்டாம் இடம் என்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸின் மேல் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி முதலில் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்தும். அந்த நொதிக்கு இரண்டாம் இடத்தைப் பற்றிக் கவலை இல்லை, ஆகவே வேற்றாளையும் வீட்டுக்காரன் என்று நம்பி முத்திரை குத்திவிடும். அடுத்த படியில் குளுக்கோஸ் பிரக்டோஸாக மாற வேண்டும். அந்த மாற்றம் இரண்டாம் கார்பனில்தான் நடக்கிறது. அங்கே புளூரின் குந்தியிருப்பதால் வேலை நின்றுவிடுகிறது. பாஸ்பேட் ஏறிய மூலக்கூறு செல்லின் சவ்வைத் தாண்டி வெளியேறவும் முடியாது. எலி உள்ளே போகலாம், திரும்ப முடியாது என்கிற எலிப்பொறிதான்.

எந்தச் செல் அதிகமாகச் சர்க்கரை உண்கிறதோ, அதில் ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பொருள் குவிந்துவிடும். புற்றுச் செல்கள் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதும் குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாக்குகின்றன என்பதை 1920களிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டு எழுதினார். அவருடைய நோபல் பரிசு (1931) வேறு ஆய்வுக்குக் கிடைத்தது. ஆனால் இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது இந்தக் கண்டறிதலால்தான்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். தேநீரில் இருந்த சர்க்கரை இரத்தத்தில் ஏறினால், ஊசியில் வந்த சர்க்கரைக்குப் போட்டியாகிறது. அதோடு இன்சுலின் சுரந்து, தசைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கின்றன. புற்று இருந்தாலும் படத்தில் மங்கிவிடும். பேசினால் குரல்வளைத் தசைகள் உழைக்கும். உழைக்கும் தசை சர்க்கரை கேட்கும். கழுத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றி, பார்ப்பவரைக் குழப்பும். மூளை எந்நேரமும் சர்க்கரை உண்பதால் அது எப்போதும் ஒளிரும். வெளியேறும் எஃப்.டி.ஜி. சிறுநீரில் போவதால் சிறுநீர்ப்பையும் ஒளிரும். ஆகவேதான் படம் எடுக்குமுன் கழிவறைக்குப் போய்வரச் சொல்கிறார்கள்.

எஸ்.யு.வி. என்பது ஒரு விகிதம். செலுத்திய மருந்து உடம்பு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருந்தால் எந்த இடத்திலும் அந்த எண் 1 ஆக இருக்கும். 6.2 என்றால் அந்தக் கணு தன் பங்கைப் போல ஆறு மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டது என்று பொருள். எடுத்துக்கொண்டது யார் என்று அந்த எண் சொல்லாது. இந்த ஊசி புற்றைக் காட்டவில்லை, பசியைக் காட்டுகிறது.

சிறுதானியன்

ஐயா சொல்வதிலிருந்தே ஒன்று தெளிவாகிறதே. புற்றுக்கு உணவு சர்க்கரை என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டு, அதை வைத்தே சோதனையும் செய்கிறார்கள். அப்படியானால் சர்க்கரையையும் அரிசியையும் அடியோடு நிறுத்திவிட்டால் புற்று பட்டினியால் சாகத்தானே வேண்டும்? இதை ஏன் எந்த மருத்துவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை? ஊசிக்கும் கருவிக்கும் ஆகும் செலவில் நூறில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது என்பதாலா?

நுண்ணோக்கி (புதுச்சேரி)

திசு நோயியல் படிக்கும் மாணவி நான். சிறுதானியன் அவர்களின் கருத்து நல்ல எண்ணத்தில் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அதை இப்படியே விட்டுவிட முடியாது; நோயாளிகளின் வீட்டார் இந்த இழையைப் படிக்கிறார்கள்.

நீங்கள் சோற்றை நிறுத்தினாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் நின்றுவிடாது. கல்லீரல் தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இருப்பு தீர்ந்தால் தசையின் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரை செய்யும். மூளை வாழ்வதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. புற்றுச் செல்லும் குளுட்டமின் போன்ற வேறு எரிபொருள்களை ஏற்கத் தெரிந்தது. ஆக, பட்டினி கிடப்பவர் நோயாளிதான். எடை குறைந்து தசை கரைந்த நோயாளிக்குச் சிகிச்சையைத் தாங்கும் தெம்பு இருப்பதில்லை என்பதை வார்டில் ஒரு நாள் நின்று பார்த்தாலே தெரியும். சர்க்கரை நோயுள்ளவர்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது வேறு செய்தி.

கெடிலக்கரையாள் அக்காவுக்கு: வாத்தியார் ஐயா கடைசியில் சொன்னதை நான் நுண்ணோக்கியின் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீட்டுகிறேன். நோயெதிர்ப்புச் செல்களும் சண்டையிடும்போது பெரும்பசிக்காரர்கள்தாம். காசநோயில் மேக்ரோபேஜ்களும் லிம்போசைட்டுகளும் கூடிக் கட்டும் முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். அந்த முடிச்சு எஃப்.டி.ஜி.யைப் புற்றுக்கு இணையாக உறிஞ்சும். உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாடு நம்முடையது. காசநோய் அரிதான நாட்டில் எழுதிய பாடநூலை வைத்துக்கொண்டு இங்கே ஒரு நெஞ்சுக் கணுவைப் படிக்கக் கூடாது என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். 6.2 என்ற எண்ணை இணையத்தில் தேடித் தேடி உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்கும் கோடு எந்த எண்ணிலும் கிடையாது. திசுப் பரிசோதனை கேட்டிருப்பது உங்கள் மருத்துவரின் நிதானத்தைக் காட்டுகிறது.

காமா கேமரா

அணு மருத்துவத் துறை ஒன்றில் தொழில்நுட்பனாக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து ஏன் தாமதமானது, ஏன் ஆறு பேர் திரும்ப நேர்ந்தது என்ற கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அது வெறும் கணக்கு.

புளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். இருப்பது எவ்வளவானாலும் 110 நிமிடத்தில் பாதியாகும்; அடுத்த 110 நிமிடத்தில் அதிலும் பாதி. இதைச் செய்யும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி சென்னையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு மூன்று மணி நேரம் என்றால், புறப்பட்டதில் 32 விழுக்காடுதான் வந்து சேரும். இங்கே 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வேண்டுமானால் அங்கே 310 மில்லிகியூரி ஏற்றி அனுப்ப வேண்டும். மீதி இரண்டு பங்கு மரக்காணம் வருவதற்குள்ளும் வந்த பிறகும் ஈயப் பெட்டிக்குள்ளேயே ஆவியாகிவிட்டது போலத்தான். வண்டி மேலும் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால், வந்திருக்க வேண்டியதில் பாதிகூட மிஞ்சாது, 47 விழுக்காடு. பதினொரு பேருக்கு அளந்து அனுப்பியது ஐந்து பேருக்குக் காணும். நீங்கள் சொன்ன எண்ணிக்கை அச்சாக அதுதான். அங்கிருந்தவர்கள் ஓடியதில் வியப்பில்லை. எங்கள் தொழிலில் கடிகாரம்தான் மேலதிகாரி.

திரும்பிப் போனவர்களின் வலியை நான் அறிவேன். வேலையில் இருந்தபோது அப்படி எத்தனையோ பேரிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். விழுப்புரத்துக்கு அப்பாலிருந்து இரவே கிளம்பிப் பட்டினியோடு வந்தவரிடம் "நாளை மறுநாள் வாருங்கள்" என்று சொல்வது எளிதன்று.

ஆனால் எல்லாக் கதிரியக்க மருந்தும் இப்படி வெளியூரை நம்பி இருப்பதில்லை. எங்கள் காலத்து உழைப்பாளி டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரம். அதன் தாய் மாலிப்டினம்-99. அதற்கு 66 மணி நேரம். தாயை வாங்கி வைத்துக்கொண்டால் அதிலிருந்து சேய் ஊறிக்கொண்டே இருக்கும். அலுமினா நிரப்பிய சிறு குழாயில் மாலிப்டினம் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புநீரை ஊற்றினால் டெக்னீசியம் மட்டும் கரைந்து இறங்கிவிடும். இதை நாங்கள் மாடு என்போம், காலையில் செய்யும் வேலையைக் கறப்பது என்போம். உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நாளில் மடி மறுபடி நிறைந்துவிடும். திங்களன்று வந்த மாடு சனிக்கிழமை வரை கறக்கும், நாளுக்கு நாள் பால் குறையும்.

அந்த மாட்டுக்கும் தீவனப் பஞ்சம் வந்ததுண்டு. 2009 மே மாதம் கனடாவில் சாக் ரிவர் அணு உலை பழுதாகி நின்றது. 2010 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. உலகின் மாலிப்டினம்-99இல் பெரிய ஒரு பங்கு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது என்பதால், பல நாடுகளில் எலும்பு ஸ்கேன்களும் இதய ஸ்கேன்களும் தள்ளிப்போயின. ஒரே ஓர் உலை!

முத்தியால்பேட்டை

நம் புதுச்சேரிக்குப் பிரெஞ்சு உறவு உண்டு என்பதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். இவை எல்லாவற்றுக்கும் மூலம் மேரி கியூரி கண்டுபிடித்த ரேடியம்தானே? அந்த ரேடியத்தைத்தான் இன்றைக்குச் சிறிது சிறிதாக ஊசியில் கலக்கிறார்கள் என்று என் தாத்தா காலத்து ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

பாதி சரி. ஊசியில் ரேடியம் கிடையாது. 1600 ஆண்டு அரை ஆயுளுள்ள பொருளைப் படம் எடுப்பதற்காக எவரும் உடம்பில் ஏற்ற மாட்டார்கள். பிரெஞ்சு உறவைத் தேடுவதானால் மகளிடம் போங்கள். 1934இல் பாரிசில் ஐரீன் ஜோலியோ-கியூரியும் அவர் கணவர் பிரெடெரிக்கும் அலுமினியத் தகட்டின் மேல் ஆல்பாத் துகள்களைப் பாய்ச்சினார்கள். பாய்ச்சுவதை நிறுத்திய பிறகும் தகடு, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான்களை உமிழ்ந்துகொண்டே இருந்தது. இயற்கையில் இல்லாத பாஸ்பரஸ்-30 அதற்குள் பிறந்திருந்தது. மனிதன் செய்த முதல் கதிரியக்கப் பொருள் அதுதான். புளூரின்-18 உமிழ்வதும் பாசிட்ரானைத்தான். அது சில மில்லிமீட்டர்கூட ஓடுவதற்குள் ஓர் எலக்ட்ரானை முட்டி இரண்டும் அழியும்; ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கும். உடம்பைச் சுற்றியிருக்கும் வளையம் அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், நடுவில் போட்ட கோட்டின்மேல் எங்கோ அந்தச் சர்க்கரை இருந்தது என்று தெரிகிறது. கோடிக்கணக்கான கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் படமாகின்றன.

உடம்புக்குள் அணுவை அனுப்பி, அது போகும் தடத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஹங்கேரிக்காரரான ஜார்ஜ் டி ஹெவெசியுடையது. மான்செஸ்டரில் ஈயத்திலிருந்து ரேடியம்-டியைப் பிரித்துத் தரும்படி ரதர்போர்டு அவரிடம் சொன்னார். எவ்வளவு முயன்றும் முடியவில்லை; இரண்டும் ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள் என்பது அப்போது தெரியாது. பிரிக்க முடியாதென்றால், சாதாரண ஈயம் எங்கே போகிறது என்று காட்ட இதையே சேர்த்து அனுப்பலாமே என்று தோல்வியையே கருவியாக்கிக்கொண்டார் அவர். விடுதிக்காரப் பெண்மணி மிச்ச இறைச்சியையே மறுபடி மறுபடி பரிமாறுகிறார் என்று சந்தேகப்பட்டு, தட்டில் துளி கதிரியக்கப் பொருளைத் தூவிவிட்டு, சில நாள் கழித்து வந்த உணவில் அதைக் கருவியால் கண்டுபிடித்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1923இல் அவரைச் செடியின் வேரிலிருந்து ஈயம் எப்படி ஏறுகிறது என்று இதே முறையில் பார்த்தார். 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கெடிலக்கரையாள் (கடலூர்)

ஐயா, தங்கை, அனைவருக்கும் நன்றி. இடையில் ஒரு சிறு ஐயம். வீட்டில் என் அண்ணன் குழந்தை இருக்கிறது, நான்கு வயது. ஸ்கேன் முடிந்து வந்த அன்று அதைப் பாட்டியின் மடிக்கு விடாமல் அண்ணி தூக்கிக்கொண்டு போய்விட்டார்; மூன்று நாள் ஆகியும் விடவில்லை. அம்மாவுக்கு அதுதான் நோயைவிட வருத்தமாக இருக்கிறது.

காமா கேமரா

அன்று மாலை வரை தள்ளி வைத்தது சரி. அதைத்தான் நாங்களும் சொல்வோம், குறிப்பாகக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும். மறுநாளே விட்டிருக்கலாம். ஒரு நாளில் 110 நிமிடங்கள் பதின்மூன்று முறை கழிகின்றன. பதின்மூன்று முறை பாதியானால் எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். சிறுநீரில் போனது தனி. மூன்றாம் நாள் தேடினாலும் எதுவும் கிடைக்காது. தைராய்டு புற்றுக்கு அதிக அளவில் அயோடின்-131 கொடுத்தவர்களைத் தனி அறையில் வைக்கிறோம். அதன் அரை ஆயுள் 8 நாள், அந்த நடைமுறை வேறு. உங்கள் அண்ணி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார் போலிருக்கிறது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 10 மில்லிகியூரி எஃப்.டி.ஜி.யால் நோயாளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட்; உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதன் ஓராண்டில் இயல்பாகப் பெறுவது உலகச் சராசரியில் 2.4. கூடவே எடுக்கும் சி.டி.யின் அளவு இதன்மேல் சேரும். தேவையில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. தேவைப்படும்போது அஞ்சவும் கூடாது.

சிறுதானியன்

என் பழைய கேள்விக்கு நுண்ணோக்கி சொன்ன விடையை ஏற்கிறேன். தசை கரையும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இன்னொன்று இடிக்கிறது. பசியை மட்டுமே காட்டும், காசநோயையும் புற்றையும் பிரித்துச் சொல்லாத ஒரு மருந்தை ஐம்பது ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், ஆராய்ச்சியாளர்கள் அதைவிட நல்லதைத் தேடவே இல்லையா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

நியாயமான கேள்வி. தேடினார்கள், இன்னும் தேடுகிறார்கள். எஃப்.டி.ஜி.யே புற்றைத் தேடிப் பிறந்ததன்று என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கதிரியக்கம் இல்லாத எஃப்.டி.ஜி.யை 1968இல் பிராகாவில் பச்சாக் என்பவரும் அவர் குழுவினரும் செய்தார்கள்; அது வெறும் வேதியியல் ஆர்வம். கதிரியக்க வடிவத்தை அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தத்சுவோ இடோ, ஜோவன்னா ஃபௌலர், ஆல்ஃப்ரட் உல்ஃப் ஆகியோர் செய்தபோது, அவர்கள் பார்க்க நினைத்தது உயிருள்ள மனிதனின் மூளை எங்கே எவ்வளவு உழைக்கிறது என்பதை. 1976 ஆகஸ்டில் அதை ஒரு சிறு விமானத்தில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலாவி இரண்டு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார். நம் காமா கேமரா சொன்ன கடற்கரைச் சாலை ஓட்டத்துக்கு அந்த விமானம்தான் முன்னோடி. புற்றுக் கட்டிகளில் அது குவிகிறது என்று விலங்குகளில் காட்டிய கட்டுரை, அதே புரூக்ஹேவனிலிருந்து, பிராந்திகா சோம் முதலியோரின் பெயரில் 1980இல் வந்தது.

அப்போதும் அது பெரிய ஆய்வுக்கூடங்களின் பொருளாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் விளைச்சல் மிகக் குறைவு. 1986இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஹாமாகரும் உடனிருந்தவர்களும், புளூரினை வாயுவாகக் கொண்டுவராமல் அயனியாகக் கொண்டுவந்து, பொட்டாசியத்தைக் கூண்டு போன்ற ஒரு மூலக்கூறில் அடைத்துவைத்து, புளூரைடு தாராளமாக வேலை செய்யும்படி ஒரு வழி செய்தார்கள். விளைச்சல் பல மடங்கு ஏறியது. இன்று பெட்டிக்குள் தானாகவே நடக்கும் தயாரிப்பு அந்த வழிமுறையிலிருந்து வந்ததுதான். பெயர் பெற்றவர்கள் மற்றவர்கள். ஊர் ஊராக எஃப்.டி.ஜி. போய்ச் சேர்ந்தது இதனால் என்பது என் கணிப்பு.

பசிக்குப் பதிலாக அடையாளத்தைத் தேடும் ஆராய்ச்சி இன்னும் சுவையானது. ஆண்களின் புரோஸ்டேட் புற்று பெரும்பாலும் சர்க்கரைக்கு அவ்வளவாக ஆசைப்படாது, எஃப்.டி.ஜி. அதில் ஏமாற்றும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்ட்டின் பாம்பர் என்ற ஆய்வாளர், மூளையில் குளுட்டமேட்டைக் கையாளும் ஒரு நொதியைப் படம்பிடிக்க மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நொதியும், புரோஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் அடர்ந்து நிற்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதமும் ஒன்றே என்று தெரிந்திருந்தது. மூளைக்காகச் செய்த சாவி புரோஸ்டேட்டின் பூட்டைத் திறந்தது. அவருடைய குழுவின் முதற்கட்டப் படிமக் கட்டுரை 2002இல் வந்தது. அவர்கள் வளர்த்த புளூரின்-18 மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது 2021 மே மாதம். இடையில் பத்தொன்பது ஆண்டுகள். இதே புரதத்துக்காக ஜெர்மனியின் ஹைடெல்பர்கில் செய்த காலியம்-68 மருந்து 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதிலும் சறுக்கல் உண்டு. பி.எஸ்.எம்.ஏ. என்ற பெயரில் புரோஸ்டேட் இருக்கிறதே தவிர, அந்தப் புரதம் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. ஆகவே அந்தப் படத்திலும் கன்னத்தோரம் ஒளிரும். பார்ப்பவருக்கு எங்கே இயல்பு, எங்கே இயல்பு மீறல் என்று தெரிந்திருக்க வேண்டியதுதான்.

காமா கேமரா

வாத்தியார் ஐயா காலியம்-68ஐத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நம் பக்கத்து ஊர்களுக்கு அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதன் அரை ஆயுள் 68 நிமிடம், புளூரினைவிடக் குறைவு. ஆனால் அதற்குச் சைக்ளோட்ரான் வேண்டியதில்லை. தாய் ஜெர்மானியம்-68, அரை ஆயுள் 271 நாள். ஒரு முறை வாங்கிவைத்தால் ஏறத்தாழ ஓராண்டு வீட்டிலேயே கறக்கலாம். மழையில் வண்டி மாட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. புரோஸ்டேட் புற்றுக்கு ஒரு மூலக்கூறு, நரம்பு-நாளமில்லாக் கட்டிகளுக்கு டோட்டாடேட் என்று அதே காலியத்தை வேறு வேறு வண்டியில் ஏற்றிவிடலாம். 2018இலிருந்து ஹைடெல்பர்க் குழு எழுதிவரும் எஃப்.ஏ.பி.ஐ. என்பது புற்றுச் செல்லை விட்டுவிட்டு, அதைச் சுற்றி வேலி கட்டும் நாரிழைச் செல்களைப் பிடிக்கிறது. அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, சர்க்கரை நோயாளிக்கும் தடையில்லை.

தாய் மாட்டின் விலை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மும்பை பரேலில் கதிர் மருத்துவ மையம் 1963இல் தொடங்கியது; அங்கேயே நாட்டின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் வருவதற்கு 2002 ஆயிற்று. எங்கள் துறையில் எதுவும் மெல்லத்தான் தெற்கே வரும்.

நுண்ணோக்கி (புதுச்சேரி)

எஃப்.ஏ.பி.ஐ. பற்றி ஓர் எச்சரிக்கை. நாரிழைச் செல்கள் புற்றைச் சுற்றி மட்டும் வேலி கட்டுவதில்லை. ஆறும் புண்ணிலும், தேய்ந்த மூட்டிலும், காசநோய்த் தழும்பிலும் கட்டும். நம் ஊரில் அதுவும் திசுப் பரிசோதனைக்கு மாற்றாகிவிடாது.

கெடிலக்கரையாள் (கடலூர்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உணவுக்குழாய் வழியாக ஊசி செலுத்திக் கணுவிலிருந்து திசு எடுத்தார்கள். அறிக்கை நேற்று வந்தது. புற்றுச் செல் இல்லை. கிரானுலோமா என்று எழுதியிருக்கிறது, காசநோய்க் கிருமிக்கான மரபணுச் சோதனையிலும் கிருமி இருப்பதாகத் தெரிந்தது. ஆறு மாத மருந்து தொடங்கிவிட்டார்கள். நுண்ணோக்கித் தங்கை சொன்ன அதே சொல்லை அறிக்கையில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காசநோய்க்காக இவ்வளவு மகிழ்ந்த குடும்பம் கடலூரில் எங்களைத் தவிர வேறு இருக்காது.

அம்மா ஒரு கேள்வியை உங்களிடம் கேட்கச் சொன்னார். அந்த எலிப்பொறிக்குள் மாட்டிக்கொண்ட சர்க்கரை என்ன ஆனது? வெளியே வர முடியாது என்றால் அது இன்னும் உள்ளேயே கிடக்கிறதா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் மாணவர்கள் ஒருவர்கூட இதை என்னிடம் கேட்டதில்லை.

முதலில், உள்ளே போனது எவ்வளவு என்று பாருங்கள். 10 மில்லிகியூரிக்கு வேண்டிய கதிரியக்க எஃப்.டி.ஜி. மூலக்கூறுகளை மட்டும் எடைபோட முடிந்தால் ஒரு நானோகிராம்தான் இருக்கும். பேருந்து நிலையத்துத் தேநீரில் போட்ட ஒரு கரண்டிச் சர்க்கரையில் ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு.

சைக்ளோட்ரானில் புளூரின்-18ஐச் செய்வதற்கு, ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் கொண்ட நீரின்மேல் புரோட்டானைப் பாய்ச்சுகிறார்கள். புரோட்டானை வாங்கிக்கொண்டு நியூட்ரானை விட்டுவிட்டு ஆக்சிஜன் புளூரினாகிறது. செல்லுக்குள் சிக்கிய புளூரின் பாசிட்ரானை உமிழும்போது மறுபடி ஆக்சிஜன்-18 ஆகிவிடுகிறது. அந்த ஆக்சிஜன் அருகிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால், வேதியியலாளர்கள் எடுத்துவிட்ட ஹைட்ராக்சில் அதே இரண்டாம் இடத்தில் வந்து அமர்ந்துவிடும். தடை நீங்கிற்று, இப்போது அது பாஸ்பேட் ஏறிய சாதாரணக் குளுக்கோஸ், ஓர் அணு மட்டும் கொஞ்சம் கனம். செல் அதை எப்போதும்போல எரித்துவிடும்.

கெடிலக்கரையாள் (கடலூர்)

படித்துக் காட்டினேன். "கடைசியில் அதுவும் டீயில போட்ட சர்க்கரைதானே, அதுக்கா என்னைத் திருப்பி அனுப்பினாங்க" என்கிறார் அம்மா. குழந்தை அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறது. இருமல் நிற்கும்வரை முகத்தை முகத்தோடு ஒட்ட வேண்டாம் என்று அண்ணி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், இந்த முறை அவர் சொல்வதுதான் சரி.